நாற்பத்தொன்று

தரமணியில் எங்களுக்கு முதல் எதிரி ஈரம்.
சீசியம் அயோடைடு பூச்சு
உப்பு ஜாதி, காற்றில் நீரைக் கண்டால் கசிந்துவிடும்.
ஐப்பசியில் கதவிடுக்கு வழியே
பெருங்குடிச் சதுப்பு மொத்தமும் உள்ளே வர நிற்கும்.
பிலோமின் ராயபுரத்துக்காரி. பம்புகள் அவள் பொறுப்பு.
கலத்தின் மானியைத் தட்டிப் பார்த்துவிட்டு
"உள்ள ஒண்ணுமில்ல, ஒண்ணுமே இல்ல" என்பாள்,
பந்தி முடிந்து இலை எடுத்தவளின் நிம்மதியோடு.

நாங்கள் தேடுவது
எதையும் தாண்டத் தெரியாத ஒளி.
சுவர் வேண்டாம், கண்ணாடி வேண்டாம்,
ஒரு மூச்சு போதும் அதை நிறுத்த.
ஆடியை நேராகக் காட்டினால் ஆடியே விழுங்கிவிடும்.
குளத்தில் ஓட்டாஞ்சில்லு தத்துவதுபோல்
சாய்த்து உரசித்தான் திருப்ப வேண்டும்.

அனுப்புகிறவன் ஒரு வெண் குள்ளன்.
பூமியளவு உடம்பு, சூரியனளவு எடை.
எரிக்க ஒன்றும் மிச்சமில்லாமல்
அறுபதாயிரம் டிகிரியில்
ஆறிக்கொண்டிருக்கிறான்.
பெயர் இல்லை. பட்டியலில் ஓர் எண்,
கடைசி இலக்கம் எனக்கு எப்போதும் மறந்துபோகும்.
வழியெல்லாம் ஹைட்ரஜன்,
சுங்கச்சாவடியைவிட மோசம்;
சுங்கச்சாவடி வண்டியையாவது விட்டுவிடும்.
நல்லவேளை, நம் சூரியனைச் சுற்றி ஒரு பொட்டல்.
பழைய விண்மீன்கள் வெடித்துத் துடைத்த இடம் என்கிறார்கள்.
அது இல்லையென்றால் எங்களுக்கு இந்த வேலை இல்லை.

வடிகட்டி ஓர் அலுமினியப் படலம்,
மிட்டாய்க் கடை வெள்ளி ரேக்குக்குப் பங்காளி முறை.
மூன்று கிழிந்தன.
ஒன்று என் தும்மலில்.
ஒன்று கரண்ட் போய்க் காற்று திரும்பி வந்தபோது.
மூன்றாவது ஏனென்றே தெரியாமல்,
ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத அறையில்.
நான்காவது பறந்தது.

தை மாத இரவு, ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பியதை
மொட்டைமாடியில் நின்று பார்த்தோம்.
வடக்கே ஓர் ஆரஞ்சுக் கீறல்,
அப்புறம் எண்ணூர்ப் பக்கத்துப் புகை.
"அவ்வளவுதானா?" என்றார் வாட்ச்மேன் ரசூல்.
நாங்கள் படியில் ஓடிக்கொண்டிருந்தோம்.
காற்றுக்கு மேலே ஐந்து நிமிடம், நாற்பது நொடி.

திரையில் எண்கள் சொட்டின.
பெரும்பாலும் பூமியின் சொந்த ஹீலிய மினுக்கம்,
நம் வீட்டு விளக்கே நம் கண்ணில் அடிப்பதுபோல.
கழித்தோம்.
டிடெக்டர் தூக்கத்தில் புலம்பும் எண்ணிக்கையைக் கழித்தோம்.
கழிக்கக் கழிக்க வயிறு கலங்கியது.
நாற்பத்தொன்று நின்றது.

படலத்தில் ஊசித்துளை ஒன்று போதும்,
சாதாரணப் புற ஊதா நுழைந்து
நாற்பத்தொன்றையும் பொய்யாக்க.
விடியும்வரை பொய்யைத்தான் தேடினேன்.
அதே பரப்பில் ஒரு நீல விண்மீன்,
குள்ளனைவிட ஆயிரம் மடங்கு பிரகாசம்.
துளை இருந்தால் முதலில் அதுதான் கொட்டியிருக்கும்.
அந்த இடத்தில் இருட்டு.
இருட்டைப் பார்த்து நான் கை தட்டியது அன்றுதான்.

"நாப்பத்தொண்ணா? ரெண்டு வருஷத்துக்கா?"
டீ கிளாஸைக் கழுவியபடி பிலோமின் மறுபடி கேட்டாள்:
"இருநூறு வருஷமா வந்துச்சுன்னீங்களே,
நம்ம தட்டுல விழுந்ததும் என்ன ஆச்சு?"
முடிஞ்சுபோச்சு, என்றேன்.
ஓர் எலக்ட்ரானை உதைத்துத் தள்ளிவிட்டு, அங்கேயே.
"புடிக்கலன்னா?"
பழவேற்காட்டுக்கு மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்தில்,
முதல் காற்றில்.
"அப்ப நாம கொஞ்சம் முன்னாடி..." என்று இழுத்தவள்
வாக்கியத்தை முடிக்கவில்லை.
அன்று பம்புக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய நாள்.

கருவி வங்கக் கடலில் விழுந்தது.
எந்த ஈரத்திலிருந்து இரண்டு வருடம் காத்தோமோ
அந்த ஈரத்தில் பூச்சு கரைந்திருக்கும்.
கடற்கரை போகும் ரயிலில், ஜன்னலோரம்,
உப்புக்காற்று முகத்தில் ஒட்ட
ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றுவரை எண்ணிப் பார்த்தேன்.
திருவான்மியூர் வருவதற்குள் முடிந்துவிட்டது.